படைவீரர் மீதும் தடையாணை

மனைவியைத் துன்புறுத்தும் கணவனை, 'அவள் அருகே செல்லாதே' என்று நீதிமன்றம் தடுத்து ஆணையிடுவதை நாம் அறிவோம். அக்கணவன் படைவீரனாக இருந்தால்?

அமெரிக்காவில் இதற்கு இருவகை ஆணைகள் உண்டு. ஒன்றை நீதிபதி பிறப்பிக்கிறார். மற்றதை வீரனின் படைத் தலைவரே எழுதித் தருகிறார். பின்னதற்கு நீதிமன்ற விசாரணை தேவையில்லை, விரைவில் கிடைத்துவிடும். ஆனால் அதை மீறினான் என்பதற்காக மட்டும் ஊர்க் காவலர் அவனைக் கைது செய்ய இயலாது. உதவி கேட்டு அத்தாளை நீட்டும் பெண்ணுக்கு இது எத்தனை ஏமாற்றம்! காவலர் செய்வது, முகாமுக்குச் செய்தி அனுப்புவதே. தண்டிப்பது படையின் பொறுப்பு. அவன் கையோங்கி அடித்துவிட்டால் அது தனிக் குற்றம். அதற்காகக் காவலர் பிடித்துச் செல்லலாம். இப்போது இவ்வாணைகளைக் காவலர் பார்க்கும் தேசியக் கணினிப் பதிவேட்டிலும் ஏற்றுகிறார்கள்.

நீதிபதியின் ஆணையோ அப்படியன்று. அதை மீறினால் ஊர்க் காவலரே கைது செய்யலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் முறையாகப் பெற்ற ஆணை எல்லா மாநிலங்களிலும் செல்லும். அடிக்கடி ஊர் மாறும் படைக் குடும்பங்களுக்கு இது பேருதவி. முகாமின் வாயிலுக்குள்ளும் அதே வலிமை உண்டு என்று 2002இல்தான் தனிச் சட்டம் வந்தது. அதற்கு இவ்வளவு காலம் ஏன் பிடித்ததோ!

எனவே இரண்டையும் பெறுவதே நல்லது என்று எண்ணுகிறோம். நீதிபதியின் ஆணை வரும்வரை படைத் தலைவரின் ஆணை அவனை முகாமுக்குள் கட்டுப்படுத்தும். நீதிபதியின் ஆணை வந்ததும், அதன் நகலொன்றை முகாமிலுள்ள இராணுவக் காவலரிடமும் கொடுத்து வைக்கலாம்.