உழுதவரே ஏன் விலை கொடுக்க வேண்டும்?

திருத்தணி வட்டாரம் நெடுங்காலம் கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தது. குடிகள் ஜமீனுக்குக் கிஸ்தி கட்டினார்கள். ஜமீன்தார் அரசுக்குப் பேஷ்குஷ் செலுத்தினார். 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஜமீன்தார் செலுத்தும் பேஷ்குஷை என்றைக்கும் மாறாத தொகையாக்கியது. குடிகளின் கிஸ்திக்கு அப்படியொரு வரம்பு நடைமுறையில் நிலைக்கவில்லை. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் நினைத்தபோது குடியை வெளியேற்றுவதைத் தடுத்தது. ஆனால் கிஸ்தி பாக்கிக்காக நிலம் ஏலத்துக்குப் போவது நிற்கவில்லை. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சரான த. பிரகாசம் ஒரு விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நிலம் குடிக்கே சொந்தம், ஜமீன்தாருக்கு உள்ளது வரி வசூலிக்கும் உரிமை மட்டுமே, கிஸ்தி 1802ஆம் ஆண்டு அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று 1938இல் அக்குழு அறிக்கை தந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியதால் அது சட்டமாகவில்லை. ஆனாலும் நிலம் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த விடை பின்னாளில் குடிகளுக்குப் பெரும் பணத்தை மிச்சப்படுத்தியது என்பேன்.

எவ்வளவு மிச்சம் என்பதை அயர்லாந்தோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே 1879இல் நிலச் சங்கம் தொடங்கியது. குத்தகைதாரர் வெளியேற்றப்படுவதை அயர்லாந்துத் தலைவர் பார்னெல் முதலியோர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விடாமல் எழுப்பினார்கள். 1881ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான வாடகையையும் நிலையான உரிமையையும் தந்தது. அதுவும் போதாமல், 1903ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை விலைக்கு வாங்க அரசுக் கடன் தந்தது. தவணை அறுபத்தெட்டரை ஆண்டு! பாட்டன் உழுத மண்ணுக்குப் பேரன் கடன் கட்டினான். 1932இல் அயர்லாந்தில் ஆட்சிக்கு வந்த டி வலேரா அந்தத் தவணைப் பணத்தை லண்டனுக்கு அனுப்ப மறுத்தார். பிரிட்டன் அயர்லாந்து மாடுகளுக்கு வரி போட்டது. 1938இல் ஒரு கோடி பவுண்டு கொடுத்துத்தான் அந்தப் பிணக்கு தீர்ந்தது. சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமோ குடியிடம் விலை கேட்கவில்லை. இழப்பீட்டை அரசு கொடுத்தது. குடிக்கு, அரசுக்கே நேராக வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது.

அரசு கொடுத்ததும் மக்கள் பணம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சுமையைப் பட்டணத்து வணிகரும் சேர்ந்து சுமந்தார். அயர்லாந்தில் தவணை ஏர் பிடித்தவர் தலையில் மட்டும் விழுந்தது. ஜமீனைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டே என்பது அடுத்த கேள்வி. அவர்கள் வாங்கியது மேல்வாரத்தை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை; குடியின் உழும் உரிமையான குடிவாரம் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த மேல்வாரத்துக்கும் சட்டம் ஈடு கொடுத்தது, சிறிய ஜமீனுக்குக் கூடுதல் மடங்கு, பெரியதற்குக் குறைந்த மடங்கு என்று.

பட்டா யாருக்குப் போனது என்ற மூன்றாவது கேள்விக்கு முன்னால் மட்டும் என் வாதம் தளர்கிறது. அது கணக்கில் பெயர் இருந்த குடிக்குப் போனது. அவரிடம் வாரத்துக்கு உழுதவருக்கும் சேரியிலிருந்து கூலிக்கு வந்தவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் சென்னையில் வந்தது 1955இல். அப்போது திருத்தணி அந்தச் சட்டத்துக்கு வெளியே, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1இல். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் தமிழ்நாட்டுச் சட்டம் 1969இல்தான் வந்தது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் தன் உரிமையை நிறுவ இன்றும் அந்தப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.