ஊர் மாறும் குடும்பங்களின் குழந்தைகள்

மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தமது "சொந்த ஊர்" எது என்று எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். விடுப்புப் பயணச் சலுகை இந்த அறிவிப்பின் பேரிலேயே வழங்கப்படுகிறது. விதிகள் இதைப் பற்றி நுட்பமாகவே சிந்தித்துள்ளன. குடும்பக் கடமைகளுக்காகவும் சமூகக் கடமைகளுக்காகவும் ஊழியர் அவ்வூருக்கு அவ்வப்போது நேரில் செல்ல வேண்டியுள்ளதா, அங்கு அவருக்கு நிலமோ வீடோ உண்டா, நெருங்கிய உறவினர் வசிக்கின்றனரா, பணியில் சேருமுன் அங்குச் சில ஆண்டுகள் வாழ்ந்தாரா என்பன அவற்றில் அடங்கிய சோதனைகள். ஒருமுறை அறிவித்த ஊரைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் மாற்றிக்கொள்ளலாம்.

இச்சோதனைகளை அவ்வூழியரின் மகனுக்கோ மகளுக்கோ பொருத்திப் பார்த்தால் விடை எளிதன்று. வான்படையில் பணிபுரியும் ஒருவரின் மகளை எடுத்துக்கொள்வோம். அவள் பாலக்காட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவள். ஜாம்நகரில் பள்ளியில் சேர்ந்தவள். ஷில்லாங்கிலும் ஜோத்பூரிலும் படிப்பைத் தொடர்ந்தவள். வீட்டில் மலையாளம், விளையாட்டில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் அவ்வப்போதைய ஊரின் மொழி. தந்தையின் சொந்த ஊர் அவளுக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் தங்கிவரும் இடம்; அவ்வளவே. அங்குள்ள சிறுவர்கள் அவளை வடநாட்டுப் பெண் என்பர். ஜோத்பூரிலோ அவள் தென்னாட்டுப் பெண்.

இன்று உலகெங்கும் வழங்கும் "மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்" என்னும் தொடர், இந்தியாவில் நடைபெற்ற ஆய்வின் பயனாகத் தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர்களான ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம் தம்பதியர் 1950-களில் இங்கு வந்து, இந்தியாவில் பணிபுரிந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் வாழ்ந்தது முழு அமெரிக்கப் பண்பாட்டிலும் அன்று, முழு இந்தியப் பண்பாட்டிலும் அன்று. இரண்டுக்கும் இடையே, தம்மைப் போன்றவர்களோடு மட்டும் பகிர்ந்துகொள்ளத்தக்க மூன்றாவது ஒன்றில் என்று அவர்கள் கண்டனர். இதன் பின் எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் நாட்டெல்லை கடந்த குழந்தைகளையே கருதின. இந்தியாவிலோ கடவுச்சீட்டு ஏதுமின்றி, ரயில் பயணச்சீட்டு ஒன்றின் துணைகொண்டே ஒரு குழந்தை மூன்று பண்பாடுகளைக் கடந்துவிட முடிகிறது. ஒரு வேறுபாடு முக்கியமானது. அயல்நாட்டில் வளரும் குழந்தை தன்னை அயலாள் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்நாட்டுக்குள் ஊர் மாறும் குழந்தைக்கு அந்த ஆறுதலும் இல்லை. சட்டப்படி எல்லா ஊரும் அதன் ஊரே.

கணக்கெடுப்பு காட்டுவதும் காட்டாததும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, முன்பு வேறோர் இடத்தில் வசித்துப் பின் இடம் மாறியவர்கள் 45 கோடிக்கு மேற்பட்டோர். அதாவது மக்கள்தொகையில் சுமார் 37 சதவீதம். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தத்தம் மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள்; திருமணத்தின் காரணமாக இடம் மாறிய பெண்கள் அவர்களுள் பெருந்தொகையினர். மாநில எல்லையைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 5.4 கோடி. பிறந்த இடத்தை அளவாகக் கொண்டால் கணக்கு இன்னும் குழம்பும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள நாட்டில், அங்குப் பிறந்து மூன்றாம் மாதம் தந்தையின் ஊருக்குத் தூக்கிவரப்பட்ட குழந்தையும் "இடம்பெயர்ந்தவர்" ஆகிவிடுகிறது.

மொழியைப் பற்றிய கேள்வி இதனினும் கவனத்துக்குரியது. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி எனக் கணக்கெடுப்பு வரையறுக்கிறது. ஒரே ஒரு மொழியைத்தான் அவ்விடத்தில் எழுதலாம். அறிந்த வேறு மொழிகள் இரண்டைத் தனியே குறிக்கலாம். தாய் ஒடியாவும் தந்தை தெலுங்கும் பேசி, இருவரும் குழந்தையிடம் இந்தியில் பேசும் வீடுகள் தொழில் நகரங்களில் அரிதல்ல. அங்கே கணக்கெடுப்பாளர் எழுதும் ஒரு சொல், வீட்டில் நடப்பதை முழுமையாக உணர்த்துவதில்லை.

குட்டி இந்தியாக்கள்

இத்தகைய குழந்தைகளைப் பற்றி அரசு சிந்திக்கவில்லை என்று கூற இயலாது. இரண்டாவது மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1962-இல் ஒப்புதல் பெற்று, 1963-64 கல்வியாண்டில் இருபது படைப்பிரிவுப் பள்ளிகளுடன் தொடங்கிய ஏற்பாடே இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள். இவற்றின் எண்ணிக்கை இப்போது 1,200-க்கு மேல். காத்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரான் ஆகிய நகரங்களிலும் ஒவ்வொன்று உண்டு. சேர்க்கை முன்னுரிமையில் முந்தைய ஏழு ஆண்டுகளில் பெற்றோர் எத்தனை முறை மாற்றப்பட்டனர் என்பது கணக்கில் கொள்ளப்படுகிறது. ஊர் மாறுவதை ஒரு குறையாகக் கருதாது தகுதியாகவே ஏற்றுக்கொண்ட நிறுவனம் இந்நாட்டில் இதுபோல் வேறொன்று காண்பது அரிது. ஒரே பாடத்திட்டம் என்பதால், பருவத்தின் நடுவில் ஜோத்பூரிலிருந்து கொச்சிக்கு வரும் மாணவி விட்ட பாடத்திலிருந்தே தொடரலாம்.

பொதுத்துறை உருக்காலை நகரங்கள் மற்றோர் எடுத்துக்காட்டு. பிலாயில் முதல் ஊதுலை 1959-இல் இயங்கத் தொடங்கியபோது நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் தொழிலாளரும் பொறியாளரும் வந்து குடியேறினர். ஒரே தெருவில் வங்காளியரும் மலையாளியரும் பஞ்சாபியரும் தெலுங்கரும் அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் துர்கா பூசையையும் ஓணத்தையும் ஒருங்கே கண்டு வளர்ந்தனர். "குட்டி இந்தியா" என்று அந்நகரை மக்கள் பெருமையுடன் அழைத்தது பொருத்தமே.

எனினும் இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஆலைக் குடியிருப்பைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் மொழி சத்தீஸ்கரி. குடியிருப்புக் குழந்தைகளுக்கு அது பள்ளியின் மொழியும் அன்று, விழாவின் மொழியும் அன்று. வேலைக்கு வருவோரின் மொழியாகவே காதில் விழுந்தது. பல மாநிலங்களின் மக்களோடு கலந்து வளர்ந்தவர்கள், தாம் நின்ற மண்ணின் மக்களோடு கலக்காமலே வளரவும் முடிந்தது. மேலும் ஆலைக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. தந்தை ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெற்றோர் "ஊருக்கு"த் திரும்புவர்; பிள்ளைக்கோ திரும்புவதற்கு உரிய ஊர் அந்தக் குடியிருப்பே.

இக்குழந்தைகளிடம் தேசிய உணர்வு குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. எந்த ஊர் என்று கேட்டால் சற்றுத் தயங்கி, "இந்தியா" என்று விடை கூறுவோர் அவர்களே. கொள்கையால் அவ்வாறு கூறுகின்றனர் என்பதைவிட, அதனினும் சிறிய சொல் எதுவும் பொருந்தாமையால் கூறுகின்றனர் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் இவர்களை முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. ஆயினும் பிறருக்கு நாடு என்பது ஓர் ஊரின் வழியாக, ஒரு மொழியின் வழியாக வந்து சேர்கிறது. இவர்களுக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது என்பதைக் காணாமல் பாராட்டுவது பாதிப் பார்வையே.

எழுத்து அறியாத தாய்மொழி

அடைபட்ட வழிகளுள் முதலாவது மொழி. 1968-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை வகுத்த மும்மொழித் திட்டம், ஒவ்வொரு குழந்தையும் தன் தாய்மொழி வழங்கும் மாநிலத்திலேயே படிக்கும் என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தது. குஜராத்தில் படிக்கும் மலையாளக் குழந்தைக்குக் குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு மூன்றும் நிரம்பிவிடும். மலையாளம் நான்காவதாக வெளியே நிற்கும். கேந்திரிய வித்யாலயங்களில் நெடுங்காலமாக இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய மூன்றே வழக்கமான மொழிகளாக இருந்து வந்தன. வட்டார மொழியோ தாய்மொழியோ கற்க விரும்பும் மாணவர் போதிய எண்ணிக்கையில் இருந்தால் பகுதிநேர ஆசிரியரை அமர்த்த விதி இடந்தருகிறது. நடைமுறையில் பேச்சு நிற்கிறது, எழுத்து போய்விடுகிறது. பாட்டியோடு தொலைபேசியில் தாராளமாகப் பேசும் பேத்தி, பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாதவள் ஆகிறாள். அடுத்த தலைமுறையில் பேச்சும் நின்றுவிட அதிக நாள் ஆகாது.

தலைநகரில் குடியேறியோர் இதற்குத் தாமே வழி கண்டனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இதற்குச் சான்று. வங்காளியரும் ஆந்திரரும் மலையாளியரும் இவ்வாறே அங்குப் பள்ளிகள் நிறுவினர். ஆனால் இது பெருந்தொகையாக ஓரிடத்தில் நிலைத்துவிட்டவர்களுக்கே இயலும். மூன்றாண்டு தங்கும் படைமுகாமில் இது நடவாது.

நவோதய வித்யாலயங்கள் வேறு வழியில் சென்றன. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் பகுதியாக மாவட்டந்தோறும் அமைந்த இப்பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுள் 30 சதவீதத்தினர் இந்தி பேசும் பகுதிக்கும் பிற பகுதிகளுக்கும் இடையே ஓராண்டு மாற்றி அனுப்பப்படுவர். (இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாட்டில் இப்பள்ளிகள் திறக்கப்படவில்லை.) இங்குச் செல்லும் சிற்றூர்ப் பிள்ளை தன் மொழியில் எழுதப் படிக்க நன்கு கற்ற பின்னரே வேற்றூர் செல்கிறது, ஆண்டு முடிந்ததும் தன் ஊருக்குத் திரும்புகிறது. வேரூன்றிய பின் பெறும் வேற்றுப் பண்பாட்டு அனுபவம் ஒரு செல்வம். வேரூன்றுமுன் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்படுவதை அதனோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒருமைப்பாட்டுக் கல்வியே என்று கூறுவது சரியன்று.

சான்றிதழ் கேட்கும் ஊர்

இரண்டாவது அடைப்பு கல்லூரி வாயிலில் எதிர்ப்படுகிறது. இந்தியாவில் குடியுரிமை ஒன்றே. டொமிசைல் எனப்படும் சட்டமுறை வாழிடமும் இந்தியா முழுமைக்கும் ஒன்றே என உச்சநீதிமன்றம் 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் கூறியது. எனினும் மருத்துவப் பட்டப்படிப்பில் ஓரளவு இடங்களை மாநில வாசிகளுக்கு ஒதுக்குவதை அது முற்றிலும் மறுக்கவில்லை. முதுநிலை மருத்துவப் படிப்பில் இத்தகைய ஒதுக்கீடு செல்லாது என 2025 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பட்டப்படிப்பின் நிலை பழையபடியே. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்தியப் பங்கு 15 சதவீதம். எஞ்சிய இடங்களுக்கு மாநில விதிகள் பொருந்தும். அம்மாநிலத்தில் இத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர் அம்மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பன அவ்விதிகளின் பொது அமைப்பு. படைவீரர், மத்திய அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்துள்ளன. ஆனால் விலக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நான்கு மாநிலங்களில் படித்த மாணவி நான்கிலும் "இங்குப் போதிய காலம் இல்லை" என்னும் விடை பெறக்கூடும்.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமையானது. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்று மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த தந்தையோடு சிறுவயதில் பம்பாய்க்கு வந்து, அங்கேயே படித்த மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கோரினார். ஒரு மாநிலத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்டவர், வேறு மாநிலத்துக்குச் சென்றால் அங்கு அந்த உரிமையைப் பெற மாட்டார் என ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. பட்டியல்கள் மாநில வாரியாக, அந்தந்த இடத்தின் பின்தங்கிய நிலையைக் கருதியே வகுக்கப்படுகின்றன என்பது அதன் அடிப்படை. அந்த அடிப்படை நியாயமற்றதன்று. ஆயினும் இடமாற்றம் அரசின் தேவைக்காக நிகழும்போது, அதன் விலையைக் குழந்தை செலுத்துகிறது. தக்க சட்டம் இயற்றுவதைப் பற்றி நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்கலாம் என்று நீதிமன்றமே குறிப்பிட்டது. மத்திய அரசுப் பணியின் பொருட்டு மாற்றப்படுவோரின் பிள்ளைகளுக்கு மட்டுமேனும், பெற்றோரின் மாநிலம், பள்ளிப்படிப்பு முடித்த மாநிலம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையை எல்லா மாநிலங்களும் ஒரே வடிவில் ஏற்பது கடினமான காரியமன்று.

மொழியைப் பொறுத்தவரை தீர்வு இன்னும் அருகில் உள்ளது. 1956-இல் சேர்க்கப்பட்ட அரசமைப்புச் சட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி அளிக்குமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் என்னும் அளவுகோல், 1949-இல் கல்வியமைச்சர்கள் மாநாடு வகுத்தது. தலையெண்ணும் இந்த அளவுகோலுக்கு ஊர் மாறும் குழந்தை என்றும் அகப்படாது. ஆனால் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் செங்கற்சூளைகளில், ஒடிசாவிலிருந்து பருவ வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பணித்தலப் பள்ளிகள் நடத்தி, ஒடிசா அரசின் ஒடியப் பாடநூல்களையே கொண்டுவந்து கற்பித்த முன்னுதாரணம் உண்டு. சூளையில் இயன்றது கேந்திரிய வித்யாலயத்தில் ஏன் இயலாது என்னும் கேள்விக்கு விடை காண்பது கடினம். ஜாம்நகர்ப் பள்ளியில் ஒடியா பேசும் பிள்ளைகள் மூவர் இருக்கலாம், ஜோத்பூரில் நால்வர், ஜான்சியில் ஐவர் இருக்கலாம். தனித்தனியே எங்கும் வகுப்பு அமையாது. ஒரே நிறுவனத்தின் மாணவர்களாகச் சேர்த்து எண்ணினால் பன்னிருவர். புவனேசுவரத்திலுள்ள கேந்திரிய வித்யாலயத்தின் ஆசிரியர் ஒருவர் வாரம் மூன்று பாடவேளை இணையவழியில் அவர்களுக்குக் கற்பிக்கலாம். அந்தத் தேர்ச்சியை மாற்றுச் சான்றிதழில் ஒரு வரியாகப் பதிந்துவிட்டால், அடுத்த ஊரிலும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.