கைலிக் கட்டத்தின் கணக்கு

ஜொகூரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் ஆண்கள் பலர் உடுத்துவது கட்டம் போட்ட கைலி. மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெலிகாட் என்பார்கள். ஒரு காலத்தில் பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய சரக்கு அது. இத்தனை பேர் இடுப்பில் இருக்கும் ஒரு வடிவத்தை ஆவணக் காப்பகம் எப்படிக் காப்பது?

1866இல் லண்டன் இந்திய அலுவலகத்தைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் வாட்சன் ஒரு வழி கண்டார். இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி, அப்படி 20 படிகள் செய்தார். நீளம், அகலம், எடை எல்லாம் குறித்தார். பிரிட்டன் ஆலைகள் பார்த்துப் படியெடுத்து நமக்கே விற்பதற்காக நடந்த வேலை அது, நெசவாளிக்காக அல்ல. இன்று அந்தப் பக்கங்களை இணையத்தில் யாரும் புரட்டலாம். ஆனால் புரட்டத்தான் முடியும்.

கைலியை விரித்து உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவில் பத்து இழை கறுப்பு, நான்கு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று ஒரு வரிசை ஓடும். ஊடையிலும் அதே வரிசை குறுக்கே வரும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். தறியிலோ சாம்பல் நூலே கிடையாது. ஆக, கட்டம் என்பது சில எண்கள்தான். எண்ணைக் கொடுத்தால் கணினி அந்தத் துணியைத் திரையில் நெய்துவிடும்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். அங்கே 2008இல் சட்டம் போட்டு, 2009இல் டார்டன் என்ற தங்கள் கட்டத் துணிகளுக்கு அரசுப் பதிவேடு திறந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இழை எண்ணிக்கை உண்டு. புதுக் கட்டம் அமைத்தவரும் பதியலாம். நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2014இல் மறுபடி திறந்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தன் சுவர்த்தாள் சேகரிப்பிலிருந்து பலவற்றை ஓர் அறையின் சுவர் முழுக்க ஒளியாக விரித்தது. வந்தவர் மேசைத்திரையில் கோடு கிழித்தபோது, அது சுவரெங்கும் அடுக்கடுக்காகப் படர்ந்தது. பார்க்க வந்தவரே வடிவமைப்பாளர் ஆகிவிட்டார். காப்பகத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன்.

பெலிகாட்டின் இழைக் கணக்கைப் பதியப் பெரிய செலவு வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, ஓர் அங்குலத்துக்குள் இழைகளை எண்ணும் பொறுமை, நிறங்களைக் குறிக்க ஒரு தாள் போதும். தேய்ந்த கைலி தரை துடைக்கும் துணி ஆவதற்கு முன் எண்ணிவிட வேண்டும். எண்ணும்போது கெபாலாவை விட்டுவிடாதீர்கள். ஆண்கள் பின்புறம் வரும்படி உடுத்தும் அந்தத் தனிப் பட்டையில் பாவு அப்படியே ஓட, ஊடை வரிசை மாறும். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.