நந்தனாரைத் தடுத்தது யாரு? மூணு நூலும் ஒரு கேள்வித்தாளும்

ஒரு மாணவர்கிட்ட ஒரே விஷயத்தைப் பத்தி மூணு நூல் கொடுக்கிறோம். சேர்த்துப் புரிஞ்சுக்கிட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னைக்கு அதுதான் பேச்சு.

உதாரணம் நம்ம கடலூர் மாவட்டத்துலயே இருக்கு. சிதம்பரத்துக்கு நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டே இருந்த நந்தனார். ஏன் போகலைன்னு கேட்டா, "பண்ணை வேதியர் விடலை"ன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். 1942ல வந்த ஜெமினி படத்துலயும் அப்படித்தான்.

ஆனா 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்துல அந்த வேதியரே கிடையாது. சேக்கிழாரோட நந்தனார் ஆதனூர்ல, பறைத்தொழிலுக்காக ஊர் விட்ட மானிய நிலத்துல வாழ்றார். கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் யாழ் நரம்பும் கொடுக்கிறார். தன் பிறப்பை நினைச்சுத் தானே தயங்குறார். வேதியரும், ஒரே ராத்திரியில முடிஞ்ச நாற்பது வேலி அறுவடையும் 19ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதின நந்தனார் சரித்திரத்துல வர்றது. இதுக்கெல்லாம் முன்னாடி சுந்தரர் பாடினதுல 'திருநாளைப்போவார்'ங்கிற பேரைத் தாண்டிக் கதையே இல்லை.

மூணையும் கலந்து சரளமா ஒரு கட்டுரை எழுதுற மாணவருக்கு வழக்கமான தேர்வுல முழு மார்க் கிடைச்சிடும். நம்ம கோடிங் பாஷையில, கான்ஃப்ளிக்ட்டே காட்டாம மெர்ஜ் ஆயிடுச்சு. எந்த வரி யாரோடதுன்னு பார்க்க கிட் பிளேம் இல்லை. இதுல தொலையிறது சின்ன விஷயமில்லை. தடையா நின்னது ஒரு பண்ணையாரா, இல்ல மொத்த ஊரும் ஏத்துக்கிட்ட சாதி ஒழுங்கா?

அமெரிக்காவுல சாம் வைன்பர்க் 1991ல ஒரு ஆய்வு வெளியிட்டார். 8 வரலாற்றாசிரியர்கள், 8 பள்ளி மாணவர்கள், எல்லாருக்கும் அதே ஆவணங்கள். ஆசிரியர்கள் முதல்ல யார் எழுதினதுன்னு பார்த்தாங்க. மாணவர்கள் பெரும்பாலும் மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாங்க, அவ்வளவுதான்.

சரி, கேள்வியை எப்படி அமைக்கிறது? ஒரு நூலை மட்டும் படிச்சா பதில் கிடைக்காத மாதிரி. "வேதியர் பாத்திரம் பிற்காலச் சேர்க்கை, சரியா தவறா?" இதுக்குப் பெரியபுராணமும் வேணும், சரித்திரமும் வேணும். 'சேக்கிழார் கூறுகிறார்'னு எத்தனை தடவை வருதுன்னு எண்ணி மார்க் போடாதீங்க. பிள்ளைங்க அதைத் தூவக் கத்துக்குவாங்க.

நானா இருந்தா அதிக மார்க்கை இதுக்குத்தான் வைப்பேன்: சேக்கிழார்லயும் பாரதியார்லயும் மாறாம இருக்கிறது நந்தனார் இறங்குற தீ. வேதியரைச் சேர்த்தவர் அதை ஏன் எடுக்கலை?