ஆலை என்னும் சொல்லும் தொழிற்புரட்சியும்

ஆலை என்னும் சொல் பழந்தமிழில் கரும்பு பிழியும் பொறியையும் அது நின்ற களத்தையும் குறித்தது. விழுப்புரத்தை அடுத்த காணைப் பகுதி கரும்பு விளையும் நிலமாதலின், அப்பொருள் ஆண்டு எளிதில் விளங்கும். எருது பூட்டிய ஆலையில் எருது களைத்தால் வேலை நின்றது. ஆதலின் உழைப்பின் அளவு உயிரின் ஆற்றலைச் சார்ந்திருந்தது.

இந்நிலையை மாற்றியது ஐரோப்பியத் தொழிற்புரட்சி. இங்கிலாந்தில் 1769இல் சேம்சு வாட்டு தாம் திருத்திய நீராவிப் பொறிக்கு உரிமம் பெற்றார். பின்னர் நூற்றலும் நெய்தலும் குடிசையினின்று ஆலையின் கூரைக்கீழ்ப் புகுந்தன. நீராவிக்குக் களைப்பில்லை, எனவே பொறி மனிதனுக்கு இசைந்தது போய், மனிதன் பொறிக்கு இசைய வேண்டியதாயிற்று. கதிரவன் அளந்த பொழுதை ஆலைச் சங்கு அளந்தது.

இம்மாற்றத்தை நம் அண்மையில் காட்டுவது புதுச்சேரி. 1879இல் விழுப்புரத்தோடு இருப்புப்பாதையால் இணைந்த அந்நகரில் சவானா முதலிய பஞ்சாலைகள் இயங்கின. 1936 சூலை 30ஆம் நாள், எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளை வேண்டிப் போராடிய தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவற்படை சுட்டது; பன்னிருவர் மாண்டனர். அதன்பின்னரே எட்டு மணி நேர வேலை அங்குச் சட்டமாயிற்று. களைப்பறியாப் பொறிக்கு எல்லை வகுத்தது எருதின் களைப்பன்று. மனிதர் தந்த உயிர்.

அந்நகரின் பெரும் பஞ்சாலைகள் 2020இல் மூடப்பட்டன. சொல் மட்டும் நிற்கின்றது. அகராதி ஆலைக்குத் 'தொழிற்சாலை' எனப் பொருளுரைக்கும். அப்பொருள் எவ்விலையில் வந்தது என உரைப்பது சொல்லாய்வார் கடன் என்று நாம் கருதுகின்றோம்.