கேஸ் தீர்வதில்லை, கசிகிறது!

அம்மா அறையின் ஏர்கோன் ஓராண்டில் மூன்றாவது முறையாகக் குளிரவில்லை. முன்பு இரண்டு முறையும் ‘கேஸ் குறைஞ்சிடுச்சு, டாப்-அப் பண்ணா போதும்’ என்றார்கள், பணம் கொடுத்தேன். காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்குச் சிக்கனம் சொல்லும் எனக்கே இந்தக் கதி!

இம்முறை வந்த மூத்த தொழில்நுட்பர் சிரித்தார். “கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, ஓட ஓடத் தீர்றதுக்கு? குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். குறைஞ்சா கசிவுதான்.”

செம்புக் குழாய் இணைப்பின் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும், அதுதான் தடயம். சோப்பு நுரை தடவியதும் குமிழ்கள் கிளம்பின. மிச்ச கேஸை உருளையில் மீட்டு, குழாய் முனையைப் புதிதாக விரித்து இறுக்கினார். நைட்ரஜன் அடைத்து, அழுத்தம் இறங்கவில்லை என உறுதிசெய்தார். பிறகு குழாயை வெற்றிடமாக்கி, கேஸை எடைபோட்டு நிரப்பினார்.

எங்கள் ஏர்கோனில் இருப்பது ஆர்-32. கரியமில வாயுவைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்கும், தீப்பற்றவும் கூடும். எனவே நாமே நோண்டக் கூடாது.

உங்கள் வீட்டில் குளிர் குறைந்தால் முதலில் வடிகட்டியைக் கழுவுங்கள். அப்படியும் காயிலில் பனி படிந்தால், டாப்-அப் செய்ய வருபவரிடம் கேளுங்கள்: “கசிவு எங்கே?”

அம்மா இப்போது போர்வை கேட்கிறார்.