குல்மார்க் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊட்டிக் குளிரையே பார்த்தாயிற்று, காஷ்மீர் என்ன செய்துவிடும் என்ற நினைப்போடு குல்மார்க் கிளம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, குளிரில் இருக்கிறது. டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி இறுதி வரை நீளும் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். அந்த நாட்களில் குல்மார்க்கில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம்.

அங்கிருந்து கொண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. இரண்டாம் கட்டம் முடியும் அபர்வத் மலைப்பகுதி ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட அங்கே ஏழெட்டு டிகிரி குளிர் கூடுதல். காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான்.

முதலில் அடிபடுவது விரல் நுனி, மூக்கு, காது. தோல் வெளுத்து, விறைத்து, வலியே தெரியாமல் மரத்துப்போனால் அது ஃப்ராஸ்ட்பைட்டின் தொடக்கம். வலி இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் உடனே தேய்த்துவிடத் தோன்றும். தேய்க்கவே கூடாது, உறைந்த திசு கிழியும். நெருப்பருகே காட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். ஈர உடையைக் களைந்து, மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவர் நடுங்கிக்கொண்டே இருந்து, திடீரென்று நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் அது தேறிவிட்டதன் அடையாளம் அல்ல. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். மது கொடுப்பது அந்த வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியேற்றும்.

இதற்கெல்லாம் பாதிக் காரணம் ஈரம். பருத்தி உடையும் பருத்திச் சாக்ஸும் நனைந்தால் குளிர் தாங்காது. கம்பளியோ செயற்கை இழையோதான் உள்ளே இருக்க வேண்டும். வழியில் டாங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் கோட்டையும் பூட்ஸையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வேறு கேளுங்கள். காசு கொடுப்பவர் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

பனிச்சறுக்கைவிட என்னை அதிகம் அச்சுறுத்துவது இரவில் பூட்டிய அறை. கரி அடுப்பு, காங்ரி என்ற கரிக் கணப்புச் சட்டி, கேஸ் ஹீட்டர் ஆகியவை காற்றோட்டமில்லாத அறையில் கார்பன் மோனாக்சைடை நிரப்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் வாடகை வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் மூச்சுத்திணறி இறந்தனர். உள்ளூர்க் குளிரை அறிந்தவர்களுக்கும் இந்த ஆபத்து நேர்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்று இதன் அறிகுறிகள் மலை உயரத்தால் வரும் நோயைப் போலவே இருப்பதால், ‘உயரம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால் வாயுவைச் சந்தேகியுங்கள். உடனே அறையை விட்டு வெளியேறி, 112-ஐ அழையுங்கள். அறை பதிவு செய்யும்போதே எந்த வகை ஹீட்டர், மின்சாரம் போனால் மாற்று என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தூங்கும் அறையில் கரி அடுப்பு வைத்தால் மறுக்கலாம்.

பனிச்சறுக்கு கற்கும் ஆசை இருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கில் இயங்கும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தனியார் வழிகாட்டி என்றால் சுற்றுலாத் துறைப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். குறிக்கப்பட்ட சரிவுகளுக்கு வெளியே போவது புதியவர்களுக்கு உரியதல்ல. 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு போலந்தைச் சேர்ந்த இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். பனிச்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் வழிகாட்டி தைரியம் சொன்னாலும் போகாதீர்கள்.

இனிப் பணம். காற்று பலமாக வீசினால் கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை நிறுத்துவார்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக, குறையல்ல. ஆனால் ஹீட்டர் உள்ள அறை என்று பணம் வாங்கிவிட்டு ஹீட்டரே இல்லாத அறை கொடுப்பது சேவைக் குறைபாடு. அதற்காகக் காஷ்மீரில் வழக்குப் போட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பேக்கேஜ் விற்றவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அறையின் புகைப்படம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிட்டுப் பார்க்கலாம்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகளைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி ஓராண்டுக்குள் முறையிடலாம்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363. இந்த எண்களைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று அணைந்துவிடும்.